பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்னும் பழமொழி, வாங்குபவனுக்குரிய நாகரிகத்தைச் சொல்ல எழுந்ததாயிருக்க, அதைக் கொடுப்பவனுக்குக் கிடைத்த விடுதலைப் பத்திரமாகவே நம்மவர்கள் மாற்றிக்கொண்டுவிட்டார்கள். தீபாவளியும் கிறிஸ்துமஸும் நெருங்குகையில், புதுக்கோட்டைக் கடைவீதியில் மலிவுப் பொம்மைகளை மொத்தமாக வாங்கியோ, தம் பிள்ளைகள் ஆடி அலுத்தவற்றை மூட்டை கட்டியோ, குழந்தைகள் இல்லம் ஒன்றில் சேர்ப்பித்துவிட்டுப் புகைப்படத்தோடு திரும்பும் தர்மசீலர்களிடம், இவை அபாயமற்றவைதாமா என்று எவரேனும் வினவினால், "இல்லாத பிள்ளைகளுக்கு இதாவது கிடைத்ததே!" என்னும் பதிலே வரும். கருணைபோல் ஒலிக்கும் இப்பதில், ஆதரவற்ற குழந்தையின் தொண்டையும் குடலும் நம் வீட்டுக் குழந்தையினுடையவற்றைவிட உறுதியானவை என்று நம்புகிறவர்களே சொல்லத்தக்கது.

2019இல் இந்தியத் தர கவுன்சில் இறக்குமதிப் பொம்மைகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. பதினான்கு வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயமாயிற்று. ஆயினும் சட்டத்தின் பார்வை தொழிற்சாலை, துறைமுகம், கடை ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. தர்மத்தின் பெயரால் இல்லத்து வாசலில் இறங்கும் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பார் யார்?

பெட்டியும் வயதுக் குறிப்பும் தொலைந்தபின் வந்துசேரும் பொம்மை, பத்து வயதுக் குழந்தைக்கே உரியதாயினும், பல வயதினர் கூடி வாழும் இடத்தில், அன்று மாலைக்குள் இரண்டு வயதுக் குழந்தையின் வாயை அடைந்துவிடும். மூடி கழன்ற விளையாட்டுக் காரிலிருந்து உருண்டுவிழும் பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள் திசுவைக் கருக்கிவிடக்கூடும். வண்ணப்பூச்சிலுள்ள ஈயமோ, அவசரமின்றி, அறிகுறி காட்டாமலே புத்தியை மழுக்கும். நம் நாட்டுச் சரக்குதானே என்பதும் சமாதானமாகாது. பல்லாங்குழிச் சோழிக்கும் மழலையின் மூச்சை அடைக்கத் தெரியும்.

தானத்தில் தரம் பார்ப்பது மேல்நாட்டுப் பழக்கம் என்போர் கடோபநிஷத்தை மறந்தவர்கள். பால் வற்றி, புல் மேயவும் சக்தியற்றுப்போன பசுக்களைத் தந்தை யாகத்தில் தானம் செய்யக் கண்டு கலங்கிக் கேள்வி கேட்டவன் நசிகேதன் என்னும் சிறுவன். அங்கே மாட்டின் பல்லைப் பார்த்தவன் வாங்கியவனல்லன், கொடுத்தவரின் மகன். இப்புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலேயே நவராத்திரி தானத்தில் அரிசியோடு வழங்கப்பெற்ற அம்மன் காசு, மதிப்பில் மிகச் சிறிதாயினும், ஏழைகளுக்கென்று தனியே அடித்த செல்லாக்காசன்று. கடைவீதியில் எவர் கொடுத்தாலும் செல்லுபடியான நாணயமே அது.

தரமானவை விலை கூடுதல், அத்தனை பேருக்கும் வாங்க இயலாதே என்பது ஒன்றே நேர்மையான ஆட்சேபம். இயலாவிடில் எண்ணிக்கையைக் குறைக்கட்டும். வாங்குமுன் குழந்தைகளின் வயதைக் கேட்டறியட்டும். இல்லத்துப் பொறுப்பாளர்களோ, அடுத்த மாதத்து அரிசிக்கும் இதே மனிதரையல்லவா நாடவேண்டும் என்னும் அச்சத்தால் வாய்மூடி வாங்கி வைக்கிறார்கள்; அந்த மௌனத்தையே கொடையாளர் நன்றியென்று எண்ணிக்கொள்கிறார். உதவாததை வாசலிலேயே மறுக்கும் துணிவு பொறுப்பாளர்களுக்கு வரவேண்டும். அதனால் முகம் சுளிக்கும் தர்மவானிடம், அதே பொம்மையைத் தம் பேரனின் தொட்டிலில் போடச் சம்மதிப்பாரா என்று கேட்டுவிடுவதில் மரியாதைக்குறைவு ஏதுமில்லை.