"அண்ணன் பார்த்துக்குவான்" போதுமா? பத்திரம் எழுதுங்கள்!

"நான் கண்ணை மூடிட்டா இவனை யாருங்க பார்ப்பாங்க?"

மனவளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பெற்ற தாய்மார்கள் கேட்கும் கேள்வி இது.

"அதான் அண்ணன் இருக்கானே, பார்த்துக்குவான்" என்று உறவினர்கள் சமாதானம் சொல்வார்கள். அண்ணன் தங்கமானவனாகவே இருக்கட்டும். நாளைக்கு அவனுக்கும் கல்யாணம், குடும்பம், கடன் என்று வரும். தம்பிக்காக அவன் பெயரில் எழுதிய வீட்டைக் கடன்காரன் ஜப்தி செய்தால் யாரைப் போய்க் கேட்பது?

சரி, தம்பி பெயரிலேயே எழுதினால்? அவனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பேங்கில் பணம் கிடக்கும். அவன் சாப்பாட்டுக்கு எடுக்க முடியாது!

டிரஸ்ட்

இதற்கு வழி டிரஸ்ட். கோடீஸ்வரர்கள்தான் டிரஸ்ட் வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வாடகை வரும் ஒரு சின்ன வீடு இருந்தாலும் வைக்கலாம். 1882-ம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டப்படி, வீடு, நிலத்தைப் பத்திரம் எழுதி ரிஜிஸ்தர் செய்ய வேண்டும். அல்லது உயிலில் எழுதலாம். டிரஸ்டி அந்தச் சொத்தில் தனக்கு லாபம் பார்க்க முடியாது. கணக்கு வைத்தே தீர வேண்டும். அவருடைய சொந்தக் கடனுக்காக அதை ஜப்தி செய்யவும் முடியாது.

அண்ணனை டிரஸ்டியாகப் போடுங்கள். கூடவே நம்பிக்கையான இன்னொருவரையும் போடுங்கள். இவர்களுக்குப் பிறகு யார் என்பதையும் எழுதுங்கள்.

கார்டியன்

சொத்துக்கு டிரஸ்ட். ஆளுக்கு?

பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால், பெற்ற தாயே ஆனாலும் கார்டியன் உத்தரவு வாங்க வேண்டும். பல பேருக்கு இது தெரியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைவு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்காக 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. மாவட்டக் கலெக்டர் தலைமையில் உள்ள குழுவிடம் மனு கொடுக்கலாம். கார்டியன் ஆனவர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்கும் காட்ட வேண்டும். கொடுமைப்படுத்தினாலோ, சொத்தைச் சுருட்டினாலோ அவரை நீக்கவும் வழி உண்டு.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. ரிஜிஸ்திரார் ஆபீசிலும் சிறப்புப் பள்ளி வாசலிலும் இதைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸ் இதைச் செய்யலாமே!

மகள் கல்யாணத்துக்குப் பத்து வருஷம் முன்பே சீட்டுப் போடுகிற ஊர் இது. பேச முடியாத பிள்ளைக்கு ஒரு பத்திரம் எழுத மட்டும் ஏன் நாள் கடத்த வேண்டும்? பெற்றவர் கை நடுங்கும் முன்பே கையெழுத்துப் போட்டு விடுவது நல்லது.