வரிச் சீட்டில் யார் பெயர்?

சென்ற திங்கள், காலஞ்சென்ற நம் சங்க அன்பர் ஒருவருடைய இல்லத்திற்குப் போயிருந்தோம். ரயில்வேயில் நமக்கு மூத்தவராயிருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய துணைவியார் பேஹாலாப் பக்கத்திலுள்ள இரண்டறை வீட்டை விற்றுவிட்டுக் கும்பகோணத்தில் மகளிடம் போய்ச் சேர விரும்புகிறார். வாங்க வந்த வங்காளி நண்பரும் நல்லவரே. முன்பணம் தருமுன், "மாஷிமா, கார்ப்பரேஷன் வரிச் சீட்டு யார் பெயரில் வருகிறது?" என்று ஒரு கேள்வி கேட்டாராம். அந்தக் கேள்வியோடு பேச்சு நின்றுவிட்டது.

அம்மையார் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். 2004-இல் வீட்டை வாங்கிய நாள் தொட்டு ஆண்டுதோறும் செலுத்திய வரிப் பங்குக்குத் துண்டுச் சீட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொன்றிலும் வங்காளியில் இரண்டு வரியும் ஒரு கையொப்பமும். நிலத்துக்காரர் வாங்கிக்கொண்டு எழுதித் தந்தவை அவை. கார்ப்பரேஷன் முத்திரை ஒன்றில்கூட இல்லை. "பணம் கொடுத்தோமே தம்பி, சீட்டும் இருக்கிறதே, கிரயப் பத்திரமும் ரிஜிஸ்டர் ஆகியிருக்கிறதே" என்றார். நாம் என்ன விடை சொல்வது?

பதிவேட்டைப் பார்ப்பதே முதற் காரியம் என்று முடிவு செய்தோம். கொல்கத்தா மாநகராட்சி ஒவ்வொரு வரிச் சொத்துக்கும் 12 இலக்கங்கள் கொண்ட அஸெஸி எண் ஒன்றை வழங்கியுள்ளது. அதன் மூன்றாவது முதல் ஐந்தாவது வரையுள்ள இலக்கங்கள் வார்டைக் குறிப்பவை. சரக்கு ஆபீசில் இருப்போருக்கு இது விளங்கும். எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால் வேகன் வேறு ஊர் போய்ச் சேரும். எண் தெரியாதவர்கள் வார்டு, தெரு, பிரமிசஸ் எண் ஆகிய மூன்றையும் கொண்டு மாநகராட்சியின் இணையதளத்தில் தேடலாம். சுரேந்திரநாத் பானர்ஜி சாலையிலுள்ள தலைமைக் காரியாலயத்திலும் விசாரிக்கலாம்.

தேடுவதில் இரண்டு இடர்கள் உண்டு. ஒன்று, தெருவின் பெயர். நம் பெரியவர்கள் இன்னமும் லான்ஸ்டவுன் ரோடு என்பார்கள். பதிவேட்டில் அது சரத் போஸ் சாலை. ஹாரிசன் ரோடு மகாத்மா காந்தி சாலையாகிவிட்டது. மற்றொன்று, வீட்டு எண். ஜாதவ்பூர், தெற்குப் புறநகர், கார்டன் ரீச் நகராட்சிகள் 1984-இல்தான் மாநகராட்சியோடு இணைந்தன. அப்பகுதிகளில் தபால்காரர் அறிந்த எண் ஒன்றாகவும், மாநகராட்சியின் பிரமிசஸ் எண் வேறாகவும் இருப்பது சாதாரணம். பேஹாலா வீட்டுக்கும் அப்படித்தான் இருந்தது. கடிதங்களில் கண்ட எண்ணை வைத்து நாம் ஒரு முழு மாலைப்பொழுதை வீணாக்கினோம். பிறகு பத்திரத்தின் கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தில் சரியான எண் கிடைத்தது.

கிடைத்த விவரமோ மனத்தை வருத்துவதாக இருந்தது. ஆறு குடும்பங்கள் வாழும் கட்டடம் முழுவதும் ஒரே அஸெஸி எண்ணில், அந்தப் பழைய நிலத்துக்காரர் பெயரிலேயே நிற்கிறது. அவரும் காலமாகிவிட்டார். பல ஆண்டு வரி பாக்கி, அதன்மேல் வட்டி. அம்மையார் கொடுத்த பணம் எங்கே போயிற்று என்பதை இனி யாரிடம் கேட்பது?

இங்கே அன்பர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பத்திரம் பதிவாகும் இடம் வேறு. வரி ஏடு இருக்கும் இடம் வேறு. ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிவாகிவிட்டால் வரி ஏட்டிலும் பெயர் தானே மாறிவிடும் என்று அந்நாளில் நம்மவர் பலர் நம்பியிருந்தார்கள். வாங்கியவர் தாமே விண்ணப்பித்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு மியூடேஷன் என்று பெயர். கட்டடம் பல வீடுகளாகப் பிரிந்திருந்தால் வரிமதிப்பையும் வீடு வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி எண் பெற வேண்டும். கட்டித் தந்தவர் இதைச் செய்து தருவதாக வாய்மொழியாகச் சொல்வார். சொன்னதோடு சரி.

வரி ஏட்டில் பெயர் இருப்பதால் மட்டும் சொத்து ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது. பெயர் இல்லாததால் உரிமை போய்விடவும் போகாது. உரிமைக்கு ஆதாரம் பத்திரமே. நம் ஊரில் வீட்டு வரி ரசீதையும் பட்டாவையும் ஒன்றென்று யாரும் கொள்வதில்லை அல்லவா? ஆனால் உரிமை இருந்தும் விற்க முடியவில்லை, வாங்குபவருக்கு வங்கி கடன் தரத் தயங்குகிறது என்றால், அம்மையாருக்கு அந்த வேறுபாட்டால் என்ன பயன்?

வரி எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதையும் சிலர் கேட்டிருந்தார்கள். முன்பு, வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன வரும் என்ற மதிப்பே அடிப்படை. மதிப்பிட வரும் அதிகாரியின் மனப்போக்கும் அதில் கலந்திருந்தது என்று குறை சொல்வோர் உண்டு. 2017-18 முதல் பரப்பளவு முறை வந்தது. நகரத்தை ஏ முதல் ஜி வரை ஏழு வகையாகப் பிரித்தார்கள். அறிமுகமானபோது ஏ வகையில் சதுர அடிக்கு ஆண்டுக்கு 74 ரூபாய், சி வகையில் 42, ஜி வகையில் 13 என்று அடிப்படை மதிப்பு வைத்தார்கள். சி வகையில் 600 சதுர அடி வீட்டுக்கு 25,200 ரூபாய் ஆகிறது. இது வரியன்று, மதிப்பே. கட்டடத்தின் வயது, எதிரேயுள்ள சாலையின் அகலம், சொந்தக் குடியா வாடகையா என்பவற்றிற்கேற்ப அது கூடும், குறையும். அதன்மேல்தான் வரி விகிதம். பழைய சீட்டுகளில் ஹௌரா பாலத்திற்கென்றே ஒரு சிறு வரியைக் காணலாம். 1943-இல் திறந்த அந்தப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகும் நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்போம்!

அம்மையாருக்காக இப்போது நடப்பது இது. மற்ற ஐந்து குடும்பத்தாரையும் ஒரு ஞாயிறன்று கூட்டிப் பேசினோம். முதலில் ஒருவரையொருவர் குறை கூறினார்கள். பாக்கியை ஆறாகப் பங்கிட்டுக் காட்டியதும் அடங்கினார்கள். ஐவர் சம்மதித்துவிட்டனர், ஒருவர் மட்டும் யோசிக்கிறார். அன்பரின் வாரிசுகள் என்ற முறையில் அம்மையாரும் மகளும் சேர்ந்தே விண்ணப்பத்தில் கையொப்பமிட வேண்டும். அதற்காக மகள் பொங்கலுக்குப் பின் இங்கே வருகிறார். வாங்க வந்த நண்பர் சித்திரை வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும் அன்பர்கள் தங்கள் கடைசி வரிச் சீட்டையும், பத்திரத்தின் சொத்து விவரப் பக்கத்தின் நகலையும் கொண்டுவந்தால், கூட்டம் முடிந்தபின் உடன் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். மூலப் பத்திரத்தைக் கொண்டுவர வேண்டா. டிராமில் தொலைத்துவிட்டு நம்மை நோகாதீர்கள்.