தாய்க்குப் புத்திமதி, பேணிக்கு விளம்பரம்

பிள்ளை பிறந்த வீட்டில் பஞ்சமில்லாத பொருள் ஒன்று உண்டென்றால் அது புத்திமதிதான். மாமியார் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள், வைத்தியசாலைச் சுவரிலுள்ள சுவரொட்டி சொல்லும், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் பெண்கள் பக்கம் சொல்லும். இத்தனை பேரும் சேர்ந்து சொல்லும் இடத்தில், கேட்க வேண்டியவளாக நிற்பவள் தாய் ஒருத்தி மாத்திரமே. தகப்பனை நோக்கி எழுதப்பட்ட புத்திமதிக் கட்டுரை ஒன்றை நாற்பது வருடப் பத்திரிகை வாழ்வில் நான் கண்டதில்லை. தொழில் கொடுப்போரையும் சட்டம் இயற்றுவோரையும் நோக்கி எழுதப்பட்டதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

புத்திமதி பிழையென்று நான் வாதாட வரவில்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் வீட்டுணவோடு சேர்த்து இரண்டு வயது வரையும் அதற்கப்பாலும் தாய்ப்பால் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவது நன்கு ஆராய்ந்து சொல்லப்பட்ட விடயம். ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டியதில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீரே. யாழ்ப்பாணத்து வெக்கையிலும் அது போதும். ஒரு வயதுக்கு முன் நாக்கில் தேன் தடவக் கூடாது என்பதும் உண்மை. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து உடலைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கக் கூடும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகை செல்சியசுக்குக் காய்ச்சல் ஏறினால், கைமருந்து பாராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓட வேண்டும். குழந்தையை நிமிர்த்தியே படுக்க வைக்க வேண்டும். இவற்றில் எனக்கு எந்த வழக்கும் இல்லை.

எங்கள் கிழவிமாரின் கைமருந்துகளை எடுத்த எடுப்பில் இகழ்வோரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்துக் கொடுப்பதும், பால் ஊறட்டும் என்று சுறா வறை வறுத்துப் போடுவதும் அவளை ஒரு மாதமாவது அடுப்படியிலிருந்து விலக்கி உட்கார வைத்த ஏற்பாடுகள். சுறாவால் பால் ஊறியதோ இல்லையோ, அந்த ஓய்வால் ஊறியிருக்கும். வசம்பை உரைத்துக் குழந்தையின் வாயில் விடுவதை மாத்திரம் நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் வசம்பைக் கண்டு முகஞ்சுளிக்கும் படித்த வீடுகளில் ‘கிறைப் வோட்டர்’ போத்தல் அலுமாரியில் மரியாதையாக வீற்றிருந்த கதை வேடிக்கையானது. 1851இல் இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரில் வில்லியம் வூட்வார்ட் என்பவர் கலந்தெடுத்த அந்த மருந்தில் நெடுங்காலம் மதுசாரம் சேர்ந்தே இருந்தது. குழந்தை அழுகையை நிறுத்தி உறங்கியதில் என்ன வியப்பு? அச்சடித்த லேபிள் ஒட்டியிருந்தால் நாம் எதையும் மருந்தென்று நம்புவோம்.

அந்த லேபிள் மீதான நம்பிக்கையே என் விடயத்துக்கும் ஆரம்பம்.

‘பால் காணாது’ என்ற இரண்டு சொற்கள் எங்கள் வீடுகளில் எப்படிப் பிறக்கின்றன என்று சற்றுக் கவனியுங்கள். பிறந்த அன்று குழந்தையின் இரைப்பை மிகக் கொஞ்சப் பாலையே தாங்கும். ஆகவே அது அடிக்கடி அழும், அடிக்கடி குடிக்கும். முதல் இரண்டு மூன்று நாளும் சுரப்பது மஞ்சள் நிறச் சீம்பால். அளவில் கொஞ்சம், ஆனால் அந்த இரைப்பைக்குப் போதுமானது. இது தெரியாத உறவுக்காரர் ஒருவர் கட்டிலருகே நின்று, “பாவம், பிள்ளைக்குப் பால் காணாது போல” என்று ஒரு வசனம் சொல்லிவிட்டுப் போவார். தாய் நடுங்குவாள். பின்னேரம் ஒரு பேணியும் ஒரு சூப்பிப் போத்தலும் வந்து சேரும். போத்தலில் வயிறு நிறைந்த குழந்தை அடுத்த தடவை மார்பில் குறைவாகவே உறிஞ்சும். பால் சுரப்பு என்பது குழந்தை உறிஞ்ச உறிஞ்சப் பெருகும் இயல்பினது. இராப்பொழுதில் ஊட்டுவது அதற்கு இன்னும் துணை. உறிஞ்சுவது குறைந்தால் சுரப்பும் குறையும். ஒரு கிழமையில் பால் உண்மையாகவே காணாமற் போகும். “நான் அன்றே சொன்னேன்” என்பார் அந்த உறவுக்காரர்.

பால் போதுகிறதா என்று அறிய அழுகையை அளவுகோலாக்கக் கூடாது. முதல் கிழமை கழிந்தபின் ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் துணி நனைகிறதா, பிறந்தபோது இருந்த நிறையை இரண்டு கிழமைக்குள் திரும்ப எட்டிவிட்டதா, அதன்பின் பதிவுப் புத்தகத்திலுள்ள வளைகோட்டில் நிறை ஏறுகிறதா என்று பார்த்தாலே போதும். இதைச் சொல்லிக் கொடுக்க எங்கள் நாட்டில் வீடு தேடி வரும் மருத்துவிச்சிகள் இருக்கிறார்கள். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் பயன் அது. 1946இல் ஆயிரம் பிறப்புக்கு 141 ஆக இருந்த சிசு மரணம் பத்துக்கும் கீழே இறங்கியதில் அந்தச் சைக்கிள்களுக்குப் பெரும் பங்குண்டு. 2016ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார அளவீட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே பெற்றிருந்தனர். உலகில் பணக்கார நாடுகள் பலவற்றால் கனவிலும் எட்ட முடியாத கணக்கு இது. இதற்கு நன்றி சொல்ல வேண்டியது சம்பளம் குறைந்த அந்த உத்தியோகத்தருக்கும் தாய்மாருக்கும். பெண்கள் பக்கங்களுக்கு அல்ல.

பெண்கள் பக்கத்தின் சமையலறைக்குள் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நான் முன்பு பணியாற்றிய ஒரு பத்திரிகையில், விளம்பரப் பகுதியிலிருந்து ‘குழந்தையின் அறிவு வளர்ச்சி’ என்ற தலைப்பில் அச்சுக்கோப்பதற்குத் தயாராக ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பெயரில்லை. கட்டுரையின் முதல் அரைப்பங்கு தாய்ப்பாலைப் புகழ்ந்தது. பின் அரைப்பங்கு, தாய்ப்பால் நிறுத்தியபின் மூளைக்கு வேண்டிய கொழுப்பமிலங்கள் எங்கிருந்து கிடைக்கும் என்று பயமுறுத்தியது. எதிர்ப்பக்கத்தில் முழுப்பக்க விளம்பரம். கண்ணாடி போட்ட மூன்று வயதுப் பையன் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தான். கட்டுரையைப் போட வேண்டாம் என்று நான் சொன்னேன். “அப்படியானால் இந்த மாதச் சம்பளத்தை நீர் கொடும்” என்றார் முகாமையாளர். கட்டுரை வந்தது, விளம்பரமும் வந்தது. அந்தக் கொழுப்பமிலங்கள் சேர்த்த மாவைப் பற்றிய பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த கொக்ரேன் மீளாய்வு, நிறைமாதக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியிலோ பார்வையிலோ நிலையான பயன் எதையும் காணவில்லை என்று 2017இல் எழுதியது. அதற்கு எந்தப் பத்திரிகையில் முழுப்பக்கம் கிடைத்தது?

இது புதிய தந்திரமல்ல. 1939இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியர், தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பால் விற்பதைக் கொலையென்றே மேடையில் சொன்னார். 1974இல் மைக் முல்லர் எழுதிய சிறு நூல், ஏழை நாடுகளில் சுத்தமற்ற தண்ணீரில், காசுக்குப் பயந்து அரை அளவு மா போட்டுக் கரைத்த போத்தல்கள் என்ன செய்தன என்று காட்டியது. 1977இல் நெஸ்லே நிறுவனத்துக்கு எதிரான புறக்கணிப்பு அமெரிக்காவில் தொடங்கியது. 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளைச் சந்தைப்படுத்தும் சர்வதேசக் கோவையை நிறைவேற்றியபோது 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த ஒரேயொரு நாடு அமெரிக்கா. இலங்கையும் 1980களிலேயே தனக்கென ஒரு கோவையை ஆக்கிக்கொண்டது. ஆகவே கைக்குழந்தை மாவுக்கு இங்கே நேரடி விளம்பரம் இல்லை. அதற்கென்ன? மூன்று வயதுப் பிள்ளைக்கான பேணிக்கு விளம்பரம் செய்தால் போயிற்று. அதே பெயர், அதே நிறம், அதே கரடிக்குட்டி. இந்த ஓட்டையைக் கண்டுதான் 2016இல் உலக சுகாதாரப் பேரவை, 36 மாதம் வரையான குழந்தைகளுக்கென விற்கப்படும் பால்களும் கோவைக்குள் அடங்கும் எனத் தெளிவுபடுத்த நேர்ந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் எட்டு நாடுகளில் செய்த ஆய்வில், கேட்கப்பட்ட பெற்றோரிலும் கர்ப்பிணிகளிலும் பாதிப் பேருக்கு மேல் இந்த விளம்பரங்கள் போய்ச் சேர்ந்திருந்தன. ஆண்டுக்கு 55 பில்லியன் டொலர் புரளும் தொழில் அது.

ஆழிப்பேரலையின் பின் கரையோர முகாம்களில் நல்ல மனதுடன் வந்திறங்கிய நிவாரணப் பொதிகளில் பால்மாவும் போத்தல்களும் இருந்தன. கிணறெல்லாம் உவராகிக் கிடந்த இடத்தில் எந்தத் தண்ணீரில் கரைப்பது என்று அனுப்பியவர்கள் யோசிக்கவில்லை. 2006இல் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்தின் பின் செய்யப்பட்ட ஆய்வில், இலவச மா பெற்ற குழந்தைகளிடையே வயிற்றோட்டம் பெறாதோரைவிட இரு மடங்குக்குமேல் காணப்பட்டது. தருமத்திலும் விளம்பரம் புகுந்துகொள்கிறது.

விலையை மறந்துவிட்டோமா? 2021 ஒக்ரோபரில் 480 ரூபாவாக இருந்த 400 கிராம் சாதாரணப் பால்மாப் பொதி 2022 மார்ச்சில் 790 ரூபாவானது. அந்த விலைக்கும் கடைகளில் இருக்கவில்லை. குழந்தை மா அதைவிடப் பன்மடங்கு விலை. சுரப்பை இழந்துவிட்ட தாய்க்கு அந்த வரிசையில் நிற்பதைத் தவிர வேறு வழி இருந்ததா?

சரி, கம்பனிகளை இவ்வளவு ஏசினேன். அரசை என்ன செய்வது? ஆறு மாதம் என்பது 26 கிழமை. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைப்பவளுக்கு எங்கள் பிரசவச் சகாயச் சட்டம் தருவது 12 கிழமை. சர்வதேச தொழில் அமைப்பு 2000இல் வகுத்த ஆகக்குறைந்த அளவே 14 கிழமை. அலுவலகத்தில் இருப்பவளுக்கு 84 வேலைநாள். விடுமுறைகளைச் சேர்த்தாலும் ஏறத்தாழ நான்கு மாதம். மூன்றாம் பிள்ளைக்குத் தனியார் துறையில் 42 நாளே என்றிருந்த அநியாயம் 2018இல்தான் திருத்தப்பட்டது. மூன்றாவது பிள்ளைக்குப் பசி பாதிதான் என்று சட்டம் வரைந்தவர் நினைத்தார் போலும். அயலிலுள்ள இந்தியா 2017இல் முதல் இரு பிள்ளைகளுக்கு 26 கிழமையாக்கியது. ஆறு மாதம் மார்பில் வைத்திரு என்று சுவரொட்டி அடிக்கும் அரசே, மூன்றாம் மாதம் வேலைக்கு வா என்றும் சொல்கிறது. இதில் எந்த அரசை அவள் நம்புவது?

மலையகத்துக்குப் போனால் இந்த முரண் இன்னும் கூர்மையாகத் தெரியும். பாலூட்ட இடைவேளை கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் உண்டு. மலைச்சரிவின் மேற்கோடியில் கொழுந்து பறிப்பவள் கீழேயுள்ள பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கிப் பாலூட்டித் திரும்ப ஏற எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர் நடந்து பார்த்திருப்பாரா? அந்த நேரத்தில் கூடையில் விழாத கொழுந்து நிறுவையில் தெரியும்; நிறுவை குறைந்தால் அரைப்பேர். அவள் குழந்தையின் வாயில் மாக்கரைசல் விழுவதற்குக் காரணம் அறியாமை என்று கொழும்பிலிருந்து எழுதுகிறோம். அவளுக்குத் தெரியாதது எதுவுமில்லை. புத்திமதி சொல்ல வரும் உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாத இடங்கள் இருக்கின்றன என்பது வேறு கதை.

என்னிடம் சிலர் ஒரு வாதம் வைப்பார்கள்: எப்படி ஊட்டுவது என்பது பெண்ணின் உரிமை, நீர் யார் நியாயம் பேச? அந்த உரிமையை நான் மதிக்கிறேன். தாயை இழந்த குழந்தை உண்டு, தாய்ப்பாலைச் செரிக்க முடியாத அபூர்வ நோயோடு பிறக்கும் குழந்தை உண்டு, எல்லா முயற்சியும் செய்து பால் வராமல் அழும் தாயும் உண்டு. அவர்களுக்கு மா மருந்துபோல. கொதித்து ஆறத் தொடங்கிய, 70 பாகைக்குக் குறையாத நீரில், பேணியில் சொன்ன அளவு குறையாமல் கரைக்க வேண்டும், ஏனெனில் மாத்தூள் கிருமியற்றதல்ல. அதைப் பின் ஆற்றிக் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுப்பதற்குப் பதிலாக அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கும் சில கிளினிக் தாதிமாரின் நாக்கையும் நான் கண்டிருக்கிறேன், அதுவும் கொடுமையே. ஆனால் மூன்றாம் மாதம் வேலைக்கு இழுக்கப்பட்டு, சதுரங்கம் ஆடும் பையனைக் காட்டிப் பயமுறுத்தப்பட்டு எடுக்கும் முடிவைத் தெரிவு என்று அழைக்க என் பேனா மறுக்கிறது.

விடுமுறையை நீட்டினால் முதலாளிமார் பெண்களை வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்பது அடுத்த வாதம். இதில் உண்மை இருக்கிறது. காரணம், எங்கள் நாட்டில் பிரசவச் சம்பளத்தின் முழுச் சுமையும் அந்தந்த முதலாளியின் தலையில் இருப்பதே. இளம் பெண்ணின் விண்ணப்பத்தைக் கண்டதும் அவர் கணக்குப் போடுகிறார். பல நாடுகளில் ஆண் பெண் எல்லாத் தொழிலாளருக்கும் எல்லா முதலாளிமாருக்கும் பொதுவான ஒரு காப்புறுதி நிதியம் அந்தச் சம்பளத்தைக் கொடுக்கிறது. ஆண்களை மட்டும் வைத்திருக்கும் கம்பனியும் அதற்குப் பங்கு செலுத்துகிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு மாதந்தோறும் பணம் அறவிடத் தெரிந்த நாட்டுக்கு இதை நடத்தத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் முதல் கிழமை தாய்ப்பால் வாரம் என்று விளக்கேற்றி நாடா வெட்டும் அமைச்சர்களிடம் எங்கள் நிருபர்கள் கேட்க வேண்டிய கேள்வி, அந்த நிதியத்துக்கான சட்டமூலம் எங்கே என்பதுதான்.