இரைச்சலுக்கு எதற்கு இவ்வளவு செலவு?

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் பேளுக்குறிச்சி, மளிகைச் சந்தைக்குப் பேர்போன ஊர். மிளகு, சீரகம், கடுகு, மல்லி என்று வருஷத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கிப்போக வெளியூர்க்காரர்கள் வருவார்கள். வாங்கத் தெரிந்தவர்கள் மூட்டை மேல் எழுதியிருக்கும் பெயரைப் பார்ப்பதில்லை. நாலு மிளகை எடுத்து, ஒன்றைக் கடித்துப் பார்ப்பார்கள். அப்படி வாங்கிப் பழகிய அம்மாவிடம் பிளஸ் டூ படிக்கும் மகன் வந்து, "எலெக்ட்ரிக் கிட்டார் வேணும்மா, மெட்டல் சவுண்டு வர்ற ஆம்பும் வேணும்" என்று கேட்டால்? போனில் அவன் காட்டும் ஆம்ப் ஒரு லட்சத்தைத் தாண்டும். கடித்துப் பார்க்கவும் வழியில்லை. வீட்டில் ரெண்டு நாள் பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

இந்தச் சண்டை தேவையே இல்லை. ஏனென்றால் அந்தக் கரகரப்பு பிறந்ததே காசில்லாத இடத்தில்தான்.

டிஸ்டார்ஷன் என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மாரியம்மன் பண்டிகையில் மைக்செட்காரர் வால்யூமை முழுசாகத் திருகியதும் கூம்பு ஸ்பீக்கரில் பாட்டு பிசிறடிக்குமே, அதுதான். ஆம்ப்ளிஃபையரால் கொடுக்க முடிந்ததற்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் கேட்டால், மேலும் கீழும் வளைந்து போகும் ஒலி அலையின் தலையையும் காலையும் வெட்டிவிடும். வெட்டுப்பட்ட அலையில், முதலில் இல்லாத மேல்ஸ்வரங்கள் ஏராளமாக முளைக்கும். மைக்செட்டில் இது கோளாறு. கிட்டாரில் இதையே வேண்டி விரும்பிச் செய்கிறார்கள்.

1964-ல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், தன்னிடமிருந்த 'எல்பிகோ' என்ற மலிவான குட்டி ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறிவிட்டார். கீறல் விழுந்த காகிதம் படபடத்து வந்த ஒலிதான் 'யூ ரியலி காட் மீ' பாட்டின் தொடக்கம். ஒரு பிளேடின் விலை என்ன இருந்திருக்கும்?

அடுத்தவர் கதை இன்னும் கனமானது. பர்மிங்காமில் தகரப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தவர் டோனி அயோமி. 1965-ல், அந்த வேலையை விட்டு நிற்கும் கடைசி நாளில், மெஷினில் சிக்கி வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. வயது 17. அவர் இடதுகைப் பழக்கக்காரர் என்பதால், தந்தியை அழுத்த வேண்டிய கை அந்த வலது கைதான். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். கனமான தந்தியை அழுத்தினால் வலித்தது. மெல்லிய கிட்டார் தந்தி கடையில் கிடைக்காததால் பான்ஜோ தந்தியை வாங்கி மாட்டினார். பின்னாளில் சுருதியையும் இறக்கித் தந்தியைத் தளர்த்திக்கொண்டார். 1970 பிப்ரவரி 13-ம் தேதி வெளிவந்த 'பிளாக் சபாத்' முதல் ஆல்பம், ஏறக்குறைய ஒரே நாளில் பதிவானது. ஹெவி மெட்டல் என்று உலகம் இன்று சொல்லும் ஓசைக்குத் தலைப்பிள்ளை அதுதான்.

மலிவுச் சரக்கு எப்படி விலை ஏறும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1983-ல் பாஸ் கம்பெனி 'எச்எம்-2' என்றொரு பெடல் கொண்டுவந்தது. பெரிதாக மதிப்பில்லை, 1991-ல் நிறுத்திவிட்டார்கள். ஸ்வீடன் நாட்டுப் பையன்கள் அதன் நாலு குமிழ்களையும் கடைசிவரை திருகி வாசித்தார்கள். என்டூம்ட் குழுவின் 1990 ஆல்பம் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' அப்படி வந்ததுதான். ரம்பம் அறுப்பது மாதிரியான அந்த ஓசைக்கு உலகமெங்கும் ரசிகர்கள் சேர, பழைய பெடலின் விலை தாறுமாறாக ஏறிப்போனது. பிறகு அந்தக் கம்பெனியே அதை மறுபடி தயாரித்து விற்க வேண்டிவந்தது.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் சத்தம், நமக்கெதுக்கு?" என்று கேட்கும் தாத்தாக்களுக்கு ஒரு வார்த்தை. தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியில் ஒரு நூல் வைப்பார்கள். 'ஜீவா' என்று பெயர். நூலை எடுத்துவிட்டால் தம்புரா வெறும் 'டொங்' என்று ஒலிக்கும். சரியான இடத்தில் நகர்த்தினால் மேல்ஸ்வரங்கள் எல்லாம் கிளம்பி 'ஙொய்ங்' என்று நிறையும். சுத்தமான ஒலியில் வேண்டுமென்றே ஒரு பிசிறைச் சேர்ப்பது நம் கச்சேரி மேடைக்குப் பழக்கமான வேலைதான்.

இன்னொரு ஒற்றுமையும் இருக்கிறது. தம்புராவில் மீட்டுவது ஸ-வும் ப-வும். மெட்டல் கிட்டாரில் 'பவர் கார்ட்' என்பதும் அதே ஸ, ப மட்டும்தான். நடுவில் காந்தாரம் கிடையாது. கிட்டாரின் தடித்த தந்தி வினாடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது, அதன் பஞ்சமம் 123 முறை. இரண்டும் சேர்ந்து டிஸ்டார்ஷனுக்குள் போனால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 41-ம் ஓர் ஒலியாகப் பிறந்து வரும். அது சட்ஜத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. யாரும் வாசிக்காத அந்தக் கீழ் ஸ்தாயிதான் நெஞ்சில் இடிப்பது. காந்தாரத்தையும் சேர்த்தால் இப்படிப் பிறக்கும் ஒலிகள் ஒன்றோடொன்று முட்டி, சேற்றில் மாடு இறங்கியது போல ஆகிவிடும். கடையில் நின்று "இந்த பெடல் சரியில்லை" என்று சொல்லும் பையன்களில் பாதிப் பேர் முழு கார்டைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா கர்னாடக இசையையே கிட்டாரில் வாசிப்பவர். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் நினைவாக 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்று ஓர் ஆல்பமே போட்டார். சிங்கப்பூரில் 1992-ல் தொடங்கிய ருத்ரா குழு வேதாந்தத்தை டெத் மெட்டலில் பாடுகிறது. ஆகவே பையன் கெட்டுப்போய்விடுவான் என்ற பயமும் வேண்டாம்.

சரி, செலவுக்கு வருவோம். முதலில் ஓர் ஏமாற்றத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பையன் போனில் கேட்டு மயங்கும் அந்தப் பிரம்மாண்ட ஓசை ஒரு கிட்டாருடையது அல்ல. ஒரே பகுதியை இரண்டு தடவை, சில சமயம் நாலு தடவை தனித்தனியாக வாசித்துப் பதிந்து, இடது காதுக்கும் வலது காதுக்கும் பிரித்து வைக்கிறார்கள். அடியில் பாஸ் கிட்டார் வேறு. இதை ஒற்றைக் கிட்டாரில் கொண்டுவரப் பார்த்து, வரவில்லையே என்று அடுத்த பெடல், அதற்கடுத்த பெடல் என்று வாங்கிக்கொண்டே போவதில்தான் காசு கரைகிறது.

காசு கரையும் இன்னோர் ஓட்டை ஸ்பீக்கர். கிட்டாருக்கென்று செய்யும் 12 இன்ச் காகித ஸ்பீக்கர், 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அவ்வளவாக ஒலிக்காது. டிஸ்டார்ஷனில் முளைக்கும் கூர்மையான பிசிறை அது தானே வடிகட்டிவிடும். ஹோம் தியேட்டரோ ஹெட்போனோ 20,000 வரை அப்படியே கொட்டும். பெடலை நேராக அதில் செருகினால் தேன்கூடு கலைந்த சத்தம்தான் வரும். பெடல் மட்டம் என்று தூக்கிப் போடுவார்கள், பாவம் பெடல்.

எனவே கையில் லேப்டாப் இருந்தால் வழி சுலபம். 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் எத்தனையோ வீட்டுப் பரணில் தூங்குகிறது. 'நியூரல் ஆம்ப் மாடலர்' என்ற மென்பொருள் முழுக்க இலவசம். லட்ச ரூபாய் ஆம்புகளின் ஓசையைப் படியெடுத்த கோப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. லேப்டாப் திணறினால், கனம் குறைந்த பழைய இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மறக்காமல் சேர்க்க வேண்டியது 'கேபினட் ஐஆர்' என்னும் கோப்பு. 12 இன்ச் ஸ்பீக்கர் செய்யும் வடிகட்டல் வேலையை அதுதான் செய்யும். காசு போட வேண்டிய ஒரே இடம், கிட்டாரை லேப்டாப்பில் சேர்க்கும் யுஎஸ்பி பெட்டி. லேப்டாப்பின் மைக் துளையில் நேராகச் செருகக் கூடாது. கிட்டாருக்குப் பத்து லட்சம் ஓம் அளவுக்குத் தடை உள்ள வாசல் வேண்டும், இல்லையென்றால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போலிருக்கும். பெட்டி வாங்கும்போது 'ஹை-இசட்' துளை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பழசே தாராளம்.

லேப்டாப் இல்லையா? நாமக்கல் மாவட்டத்தில் பாலிடெக்னிக்குக்கும் இன்ஜினீயரிங் கல்லூரிக்கும் பஞ்சமில்லை. அங்கே எலெக்ட்ரானிக்ஸ் லேபில் எல்லோரும் கையில் பிடித்திருக்கும் 741 ஐசி ஞாபகமிருக்கிறதா? ஓஸி ஆஸ்போர்னிடம் வாசித்த ராண்டி ரோட்ஸ் பயன்படுத்திய 'எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் பிளஸ்' பெடலின் உள்ளே இருப்பது அந்த 741 ஒன்று, ஜெர்மானியம் டயோடு இரண்டு, சில ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். அவ்வளவுதான். ஜெர்மானியம் கிடைக்காவிட்டால் 1என்4148 போடலாம். கொஞ்சம் முரட்டுத்தனமாக, சத்தமாக இருக்கும், மெட்டலுக்கு அதுவும் நல்லதுதான். பெட்டியும் சுவிட்சும்தான் ஐசியைவிட விலை அதிகம். சாப்பாட்டு டிபன் டப்பாவே பெட்டிக்குப் போதும். ஒயரை அதன் தகரத்தோடு கிரவுண்ட் செய்துவிட்டால் இரைச்சலும் குறையும். 9 வோல்ட் பேட்டரியில் ஓடுவதால் ஷாக் பயமில்லை. போன் சார்ஜர் மாதிரியான அடாப்டரில் போட்டால் 'கீ' என்று ஒரு சத்தம் கூடவே வரும்.

இந்த பெடலை எதில் செருகுவது? அக்கம்பக்கத்து மைக்செட் அண்ணனிடம் 12 இன்ச் பாக்ஸ் ஒன்று சும்மா கிடக்கும். அவர் சம்மதித்தால், உள்ளே இருக்கும் ட்வீட்டர் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு, வெறும் காகிதக் கோனில் கேட்கலாம். ஆம்பில் ட்ரெபிளை நன்றாக இறக்கிவிட வேண்டும். கூம்பு ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம், அதில் அடித்தொண்டை வராது.

குமிழ்களில் பெரிய சூட்சுமம் இல்லை. டிஸ்டார்ஷனைப் பாதிக்கு மேல் திருகாமல் தொடங்க வேண்டும். அதிகமானால் அடி தனித்தனியாக விழாமல் ஒரே கூழாகிவிடும். பாஸை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் குறைத்து, பின்னால் கூட்ட வேண்டும். அயோமியும் ஆம்புக்கு முன்னால் ட்ரெபிள் பூஸ்டர் என்ற சின்னப் பெட்டியைத்தான் வைத்தார். நடு ஓசையை அடியோடு குறைத்தால் தனியாக வாசிக்கும்போது அட்டகாசமாக இருக்கும், டிரம்ஸோடு சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போய்விடும்.

கிட்டார் பத்தாயிரம் ரூபாய்க்கு உள்ளேயே புதிதாகக் கிடைக்கிறது. பிராண்டைவிட, பிரிட்ஜ் பக்கம் இரட்டைச் சுருள் உள்ள 'ஹம்பக்கர்' இருப்பது முக்கியம். ஒற்றைச் சுருளில் டியூப்லைட் இரைச்சலும் கரன்ட் உறுமலும் சேர்ந்து பெருகும். துருப்பிடித்த தந்தியை மாற்றாமல் வேறு எதையும் மாற்றக் கூடாது.

இனிச் சொல்லப்போவதைப் பெற்றோரும் படிக்க வேண்டும். மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு ரெண்டு பின் துளையில் செருகும் வழக்கம் நம்மிடம் உண்டு. கிட்டார் தந்தி ஆம்பின் உலோக உடலோடு ஒயர் வழியாக இணைந்தே இருக்கும். எர்த் இல்லாத ஆம்பில் கசிவு வந்தால், பையன் கையில் பிடித்திருப்பது கரன்ட் கம்பி. 1972-ல் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார்காரர் லெஸ் ஹார்வி, ஸ்வான்சீ நகர மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு அங்கேயே இறந்துபோனார். வயது 27. பழைய வால்வு ரேடியோவைப் பிரித்து ஆம்ப் செய்கிறேன் என்று கிளம்பினால் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். வால்வு கருவிக்குள் பல நூறு வோல்ட் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். சேமிக்க வேண்டிய இடம் அதுவல்ல. எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிப்பதுதான் இந்தப் பட்ஜெட்டின் முதல் செலவாக இருக்கட்டும்.

இதையெல்லாம் முடித்த பிறகு மிச்சமிருப்பது வலது கை. உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தந்திமேல் லேசாக வைத்து அடித்தால்தான் 'ஜக் ஜக்' என்று அறுத்தாற்போல் வரும். கொஞ்சம் முன்னால் போனால் தந்தி செத்துப்போகும், பின்னால் போனால் அலறும். அந்த அரை இன்ச்சைக் கண்டுபிடிக்கச் சில வாரம் ஆகும். தொடங்குவதற்கு பிளாக் சபாத்தின் 'அயர்ன் மேன்' நல்ல பாட்டு. ஸ-ப மட்டும் போதும், வேகமும் இல்லை. அதையும் முதல் நாலு நாள் டிஸ்டார்ஷன் போடாமலே வாசித்துப் பார்ப்பது நல்லது. தாளம் எங்கே இடறுகிறது என்று அப்போதுதான் காதில் விழும்.