வெளிச்சுவர் பெயிண்ட்: காசு டப்பாவுக்கா, சுவருக்கா?

வீட்டுக்கு வெளிய பெயிண்ட் அடிக்கணும்னு முடிவு பண்ணதும், ஷேட் கார்டை விரிச்சு வச்சுக்கிட்டு குடும்பமே சண்டை போடும். அடுத்த சண்டை ஏஷியனா, பெர்ஜரா, நிப்பானா. என்னைக் கேட்டா இந்த ரெண்டு சண்டையும் கடைசியா போட வேண்டியது. பூச்சு உரியறதுக்குப் பெரும்பாலும் காரணம் பெயிண்ட் இல்லை, அடியில இருக்கிற சுவர்.

பழைய பூச்சு உப்பிக்கிட்டு நிக்கும், வெயில் படாத பக்கம் பாசி கருப்பா படிஞ்சிருக்கும், சன்ஷேடு ஓரத்துல விரிசல் இருக்கும். இது மேல ஏழு வருஷ வாரண்டி எமல்ஷனை அடிச்சா, அது பாசியிலயும் தூசியிலயும்தான் ஒட்டும். அது உதிரும்போது இதுவும் சேர்ந்து உதிரும். அந்த வாரண்டி அட்டையையும் கொஞ்சம் பொறுமையா படிச்சுப் பாருங்க. ஓதம், விரிசல், சரியா தயார் பண்ணாத சுவர் இதுக்கெல்லாம் கம்பெனி பொறுப்பில்லைன்னு பொடி எழுத்துல இருக்கும் :-)

சரி, ஏன் யாரும் ஒழுங்கா சுரண்டறதில்லை? உடனே பெயிண்டர் சோம்பேறின்னு சொல்லிடாதீங்க. சதுர அடிக்கு இவ்வளவுன்னு காண்ட்ராக்ட் பேசி, அதுலயும் ரெண்டு ரூபா குறைச்சுட்டு வந்து பெருமைப்படறது நாமதான். கம்பி பிரஷ் போட்டு மூணு நாள் தேய்ச்சாலும், விளக்குமாத்தால ஒரு தட்டு தட்டிட்டு அடிச்சாலும் அவருக்கு அதே காசு. நாலு ஆளுக்கு சாயங்காலம் கூலி கொடுக்க வேண்டிய மனுஷன் எதைச் செய்வார்?

அதனால கணக்கை ரெண்டா பிரிச்சுப் பேசுங்க. சுரண்டறது, ப்ளீச்சிங் பவுடர் கரைச்சு பாசியைக் கழுவறது, விரிசலை வெட்டி அடைக்கிறது எல்லாம் தினக்கூலி. ப்ரைமரும் ரெண்டு கோட்டும் சதுர அடி. (ஓதம் இருந்தா முதல்ல கொத்தனாரையும் ப்ளம்பரையும் கூப்பிடுங்க. தண்ணி வர்ற வழியை அடைக்காம எந்த பெயிண்ட்டும் நிக்காது.)

பெயிண்ட்டை நீங்களே போய் வாங்குங்க. டப்பாவுக்கு இத்தனைன்னு பெயிண்டருக்கு டோக்கன், பாயிண்ட் எல்லாம் உண்டு, ஊரறிஞ்ச ரகசியம். அது அவருக்கே போகட்டும், தப்பில்லை. ஆனா எந்த டப்பாங்கிறதை அது முடிவு பண்ணக் கூடாது. நடுத்தர விலை எக்ஸ்டீரியர் எமல்ஷனே போதும். எவ்வளவு தண்ணி கலக்கணும்னு டப்பாவுலயே போட்டிருக்கும், கலக்கும்போது பக்கத்துல நில்லுங்க.

ஆளைத் தேடும்போது செல்போன்ல காட்டுற போட்டோவை நம்பாதீங்க. போன வாரம் அடிச்ச சுவர் யார் அடிச்சாலும் அழகாத்தான் இருக்கும். மூணு மழைக்காலம் தாண்டின வீடு ஒண்ணைக் காட்டச் சொல்லுங்க. தயங்காம கூட்டிட்டுப் போறவர்தான் நம்ம ஆளு.

அப்புறம் இந்த தீபாவளி அவசரம்! ஐப்பசி மழையில சுவர் ஈரமா இருக்கும்போதுதான் நமக்கு வீடு பளிச்னு இருக்கணும். தை, மாசி வரைக்கும் பொறுத்தா என்னவாம்?

ஒண்ணே ஒண்ணுல மட்டும் பேரமே பேசாதீங்க. சாரம் கட்டற காசும் பெல்ட்டும். ரெண்டாவது மாடி உயரத்துல ஒத்தைக் கயித்துல ஒருத்தர் தொங்குறார், கீழ நின்னு நாம "அந்த மூலை விட்டுப்போச்சு பாருங்க"ன்னு கை காட்டறோம். சாரத்துக்குக் காசு இல்லைன்னா இந்த வருஷம் முன்பக்கம் மட்டும் அடிங்க.

உங்க ஊர்ல எப்படி, சதுர அடியா, நாள் கூலியா? பின்னூட்டத்துல சொல்லுங்க.