வாரத்துக்கு மூணு நாள் லீவு யார் கொடுப்பா?

சொரியாசிஸுக்கு வெளிச்சத்தாலேயே வைத்தியம் இருக்குன்னு சொன்னா, "இன்ஸ்டால விக்கிற அந்த எல்.இ.டி. மாஸ்க்கா?"ன்னுதான் நீங்க கேப்பீங்க. அது இல்ல. அந்தச் சிவப்பு, நீல மாஸ்க் எல்லாம் அழகுச் சாமான். நான் சொல்றது 311 நானோமீட்டர் பக்கத்துல மட்டும் ஒளி விடுற ஒரு ட்யூப்லைட். பேரு நேரோபேண்ட் யு.வி.பி. தோலில் அழற்சியைக் கிளப்பிவிடுற டி-செல்களை அது அடக்கும், அளவுக்கு மீறி வளர்ற மேல்தோலை நிதானப்படுத்தும். சில வகைக் கரப்பானுக்கும் கொடுக்கிறாங்க. புதுசும் இல்ல: தோல் காசநோய்க்கு ஒளி வைத்தியம் பண்ண டென்மார்க் டாக்டர் ஃபின்சனுக்கு 1903லேயே நோபல் கொடுத்துட்டாங்க.

வைத்தியம் இருக்கு. போடியில அது யாருக்குக் கிடைக்கும் என்பதுதான் என் கேள்வி.

விடியறதுக்கு முன்னாடி போடியில நின்னு பாருங்க. ஜீப்புகள்ல நெருக்கியடிச்சு உட்கார்ந்து, முந்தல் தாண்டி, போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தாம்பாறைப் பக்கம் ஏலத் தோட்டத்துக்குப் போற பெண்கள். திரும்பி வர்றப்ப பொழுது சாஞ்சிருக்கும். ஏலக்காய் செடியோட அடியில, தரையை ஒட்டித்தான் காய்க்கும். நாளெல்லாம் குனிஞ்சு, ஈரத்துல கைவிட்டுப் பறிக்கணும். சொரியாசிஸ் உள்ள தோலில் கீறல் விழுந்தா அந்தக் கீறல் மேலேயே புதுப் படை கிளம்பலாம். உள்ளங்கையில வெடிப்பு வந்தா காயைக் கிள்ளவே முடியாது. இது தொத்து நோய் இல்லவே இல்ல. ஆனா ஜீப்புல பக்கத்துல உட்கார்றவங்களுக்கு அதை யார் சொல்றது?

இப்ப ஒரு சின்னக் கணக்கு. டாக்டர் தோலின் நிறத்தைப் பார்த்து டோஸ் எழுதுவார். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 500 மில்லிஜூல்னு வெச்சுக்கோங்க. விளக்கு 5 மில்லிவாட் கொடுத்தா நேரம் 100 செகண்ட். அவ்வளவுதான். போகப் போக டோஸைக் கூட்டுவாங்க, சராசரி மூணு நிமிஷம்னே போடுங்க. வாரத்துக்கு மூணு தடவை, 12 வாரம், ஆக 36 தடவை. மொத்தமா உடம்புல வெளிச்சம் படுற நேரம் 108 நிமிஷம். அதுக்கு அந்த அம்மா இழக்கிறது 36 நாள் கூலி! ஓ.பி. காலையில, ஜீப்பும் காலையில. டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லங்கிறது நல்ல விஷயம்தான், ஆனா போற கூலியை எந்த பஸ்ஸும் திருப்பித் தராது. பத்துத் தடவை வந்துட்டு நின்னுடுவாங்க. நாம அதுக்கு "அக்கறை இல்லை"ன்னு பேரு வைப்போம்.

மாத்திரை இருக்கேன்னு கேக்கலாம். இருக்கு. ஆனா மெத்தோட்ரெக்சேட் கர்ப்ப காலத்துல கூடவே கூடாது. அசிட்ரெடின் இன்னும் மோசம், நிறுத்தி 3 வருஷம் வரைக்கும் கர்ப்பம் ஆகக் கூடாது. கல்யாணம் பேசிட்டிருக்கிற 23 வயசுப் பொண்ணுக்கு இதை எப்படி எழுதுறது? நேரோபேண்ட் யு.வி.பி.யைக் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம், ஃபோலிக் ஆசிட்டை மட்டும் கவனிச்சுக்கணும். அதாவது யாருக்கு இந்த வைத்தியம் ரொம்பப் பொருத்தமோ, அவங்களுக்குத்தான் அது எட்டாத தூரத்துல இருக்கு.

இன்னொரு தடை நம்ம வீட்டுக்குள்ளேயே இருக்கு. இந்த வெளிச்சம் பட்டா தோல் கொஞ்சம் கருக்கும். வைத்தியம் முடிஞ்சா மெல்ல மெல்ல மாறிடும், முகத்துல படை இல்லன்னா முகத்தை மூடியும் வைக்கலாம். ஆனாலும் "பொண்ணு கருத்துட்டா யார் கட்டுவா"ன்னு பாதியில நிறுத்துற வீடுகள் உண்டு. ரத்தம் கசியற வெடிப்பை விட நிறம் பெருசாத் தெரியுது. இதுக்கு எந்த லேப்லயும் சர்க்யூட் கிடையாது.

"வெயில்ல நின்னா போதாதா?" போதாது. வெயில்ல எல்லா அலைநீளமும் கலந்து வரும், அளவும் தெரியாது. தோட்டத்துல வெயிலே கம்மி, ஏலம் நிழல்ல வளர்ற பயிர். அதுக்கு மேல முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு. (பறிச்ச ஏலக்காய் வெளிச்சம் பட்டு வெளுத்துடக் கூடாதுன்னு கறுப்பு பாலிதீன்ல கட்டி வைக்கிற ஊர் இது.) நம்ம சித்த வைத்தியத்துல இருக்கிற கார்போகரிசியில உள்ள சோரலென்தான் 1974ல வந்த 'பூவா' சிகிச்சைக்கும் மூலம். அது வேலை செய்யும். அளவு தெரியாம பூசிட்டு வெயில்ல நின்னா கொப்புளமும் போடும்.

அப்ப என்ன பண்ணலாம்? அமெரிக்காவுல 783 பேரை வெச்சு நடந்த ஒரு ஆய்வு 2024ல வெளியாச்சு. பாதிப் பேருக்கு வீட்டுக்கே விளக்கு கொடுத்தாங்க, மீதிப் பேர் கிளினிக்குக்கு வந்தாங்க. 12 வாரத்துல தோல் தெளிஞ்சவங்க வீட்டுல 32.8 சதவீதம், கிளினிக்ல 25.6 சதவீதம். விட்டுப்போகாம ஒழுங்கா எடுத்துக்கிட்டவங்க வீட்டுல 51.4 சதவீதம், கிளினிக்ல வெறும் 15.9. அங்கேயே இப்படின்னா, மலையேறிக் கூலிக்குப் போற ஊர்ல எப்படி இருக்கும்னு நீங்களே யோசிங்க.

2021 ஆகஸ்ட்ல இருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' நடக்குது. பிரஷர், சுகர் மாத்திரை வாசலுக்கே வருது, பிசியோதெரபிஸ்டும் வர்றார். கைக்கும் காலுக்கும் மட்டுமான ஒரு சின்ன விளக்குப் பெட்டி ஏன் வரக் கூடாது? அதுக்கு முன்னாடி, போடியில ஒரு விளக்கையாவது சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை எரிய விடணும். எனக்குக் கேட்டா அதுதான் முதல் கோரிக்கை. புதுக் கட்டடம் வேண்டாம், ஒரு டெக்னீஷியனோட ஷிப்ட் மாறினா போதும்.

ஆபத்து இல்லன்னு சொல்ல மாட்டேன். லூபஸ் பெண்களுக்குத்தான் அதிகம் வரும், அவங்களுக்கு இந்த வெளிச்சமே பகை. மருந்தடிச்ச செடியைத் தொட்டு வர்ற அரிப்புக்கு முதல்ல கையுறை வேணும், விளக்கு இல்ல. அதனால தோல் டாக்டர் பார்த்து எழுதாம யாருக்கும் கூடாது. கொரோனா சமயத்துல வாங்கின யு.வி. பெட்டியை யாரும் எடுத்துடாதீங்க, அது 254 நானோமீட்டர், கிருமியைக் கொல்றது. கண்ணையும் தோலையும் சுட்டுடும்.

விளக்கை நாம செய்ய வேண்டாம், அது மருத்துவக் கருவி. ஆனா ட்யூப் பழசாகப் பழசாக வெளிச்சம் குறையும். நேத்து 100 செகண்ட்ல கிடைச்ச டோஸுக்கு அடுத்த வருஷம் 130 செகண்ட் ஆகலாம். அளக்காம விட்டா வைத்தியம் பலிக்கல்லன்னு நோயாளி தலையில விழும். விளக்கோட திறனை அளந்து நேரத்தைத் தானே திருத்துற டைமர், டாக்டர் எழுதின எண்ணிக்கை முடிஞ்சதும் பூட்டிக்கிற ஸ்விட்ச்: இது ரெண்டும் தேர்ட் இயர்ல படிச்ச பாடம்தான். ஸ்மார்ட் டஸ்ட்பின் நம்ம டிபார்ட்மென்ட்ல ஏற்கெனவே நாலு இருக்கு. ஜூனியர்ஸ், ட்ரிபிள் இ.யோ இ.சி.இ.யோ, ஜீரோத் ரிவ்யூவுக்கு முன்னாடி வந்து பேசுங்க. சர்க்யூட் வரைஞ்சு வெச்சிருக்கேன்.