பிரேரிக்கும் உரிமை யாருடையது?

‘நோபல் சமாதானப் பரிசுக்குப் பிரேரிக்கப்பட்டவர்’ என்னும் அடைமொழி நம்மவர் மேடைகளிற் பொன்னாடையினும் மலிந்துவிட்டது. பிரேரணை என்பது ஒரு கடிதம்; வேறொன்றுமில்லை. 1939இல் ஹிட்லரின் பெயரையே சுவீடன் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கேலியாக அனுப்பிவைத்துப் பின்னர் மீட்டுக்கொண்டார். பிரேரிக்கப்பட்டோர் பெயர்களை ஒஸ்லோக் குழு 50 ஆண்டுகளுக்கு வெளியிடுவதில்லை. ஆகவே அடைமொழி சூடித் திரிவோருக்கு அவர்தம் வாயும் கடிதம் எழுதிய நண்பர் வாயுமே சாட்சி.

ஆனால் அக்கடிதத்தை எழுதும் உரிமை அற்பமானதன்று. இலக்கியப் பரிசுக்குத் தாகூரைப் பிரேரித்தவர் ஓர் ஆங்கிலக் கவிஞர் மட்டுமே. 1913இல் அந்த ஒரு கடிதம் போதுமானதாயிற்று. சமாதானப் பரிசுக்கு அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் எழுதலாம், வரலாறு, சமூக விஞ்ஞானம், சட்டம், மெய்யியல், சமயம் ஆகிய துறைகளின் பேராசிரியர்கள் எழுதலாம், துணைவேந்தர் எழுதலாம். செட்டிபாளையத்துப் பள்ளியாசிரியர் எழுதினால் செல்லாது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே வாழும் அவருக்கு எவ்வீட்டில் எவர் காணாமற்போனார் என்பது தெரியும். ஊர் எரிந்தபோது அயலூரானை ஒளித்துவைத்துக் காத்தவர் யார் என்பதும் தெரியும். தெரிந்தவருக்கு உரிமையில்லை. உரிமையுடையோர் இவரிடம் வந்து கேட்டதுண்டா?

வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோரில் 150 பேருக்கு மேல் 1990 செப்டெம்பர் 5ஆம் நாள் இராணுவத்தாராற் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பவில்லை. அந்த முகாமைப் பொறுப்பேற்று நடத்திய பல்கலைக்கழகத்தார் பின்னர் ஜனாதிபதி ஆணைக்குழுவின் முன் நின்று சாட்சியம் அளித்தனர். கற்றவன் சமாதானத்துக்குச் செய்யும் பணி இதுவன்றி வேறு எது? அமைதி பற்றி ஐந்து நட்சத்திர விடுதியில் ஆய்வுக்கட்டுரை படிப்பதா?

இன்னொரு விதியும் உண்டு. 1974 முதல் இறந்தோருக்கு இப்பரிசு இல்லை. ‘முறிந்த பனை’யை எழுதிய நால்வருள் ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ராஜினி திராணகம, எத்தரப்பின் துவக்கையும் அவர் பூசித்தாரில்லை. 1989 செப்டெம்பர் 21இல் வீடு திரும்பும் வழியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒஸ்லோவின் கணக்கில் அவர் இனி இல்லை. உண்மை எழுதினால் உயிர் போகும் நாட்டில், உயிரோடிருப்போர்க்கே பரிசு என்னும் விதி யாருக்கு வாய்ப்பானது என்பதை மாணவ நண்பர்கள் சிந்திக்கட்டும்.

நம் பேராசிரியர்களிடம் நாம் கேட்பது சிறிது. ஆண்டுதோறும் ஜனவரி 31 கடைசி நாள். அதற்குள் ஒருமுறை வாவிக்கரை ஊர்களுக்கு வாருங்கள். ஆசிரியரிடம் கேளுங்கள், மகனைத் தேடும் தாயிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரை, அவர் உயிரோடிருக்கும்போதே எழுதி அனுப்புங்கள்.